டாக்டரும் மேனேஜரும் முறைத்துக்கொள்ளாமல் ஒரு மருத்துவமனையை நடத்துவது எப்படி

நம்மூரில் 100, 150 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை எதிலாவது டாக்டர்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், "இந்த மேனேஜ்மென்ட்டுக்கு ஒண்ணும் புரியாது" என்பார்கள். மேனேஜரைக் கேட்டால் "டாக்டருங்க யார் சொல்றதையும் கேக்க மாட்டாங்க சார்" என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நிர்வாகப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தவரை, கசப்பு வருவது பெரும்பாலும் பதில் வராததால்தான். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு போன டாக்டர்கள் குறைவு; மாதக்கணக்கில் "பார்க்கலாம் சார்", "எம்.டி.கிட்ட பேசிட்டுச் சொல்றேன் சார்" (எம்.டி. என்றால் மருத்துவமனையின் நிர்வாக இயக்குநர்) என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், ஒருநாள் எதிர்த் தெரு மருத்துவமனையில் போர்டு மாட்டியவர்கள் அதிகம். டாக்டர்கள் பக்கத்திலும் இதற்கு ஜோடி உண்டு: "அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க". பார்த்துக்கொண்ட பிறகு "என்னை யார் கேட்டாங்க?" என்று வரும்.

ஆகவே கீழே சொல்வதெல்லாம் கேள்வியைச் சரியாகக் கேட்பது, பதிலை நாள் குறித்துச் சொல்வது, இந்த இரண்டைப் பற்றித்தான். அரசு மருத்துவமனைகளை இதில் சேர்க்கவில்லை. அங்கே டீனும் ஆர்.எம்.ஓ.வும் (நிலைய மருத்துவ அலுவலர்) டாக்டர்களே, மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகிறது, சிக்கல்களின் வடிவமே வேறு.

நடைபாதையில் கேட்டது கேட்டதாகாது

சர்ஜன் ஓ.டி.யிலிருந்து (ஆபரேஷன் தியேட்டர்) வெளியே வரும்போது மேனேஜரைப் பார்க்கிறார். "தம்பி, அந்த காட்டரி சரியில்லப்பா, புதுசு ஒண்ணு வாங்குங்க." காட்டரி என்பது ஆபரேஷனில் ரத்தக் கசிவை மின்சாரச் சூட்டால் நிறுத்தும் மெஷின். தம்பி தலையை ஆட்டுகிறார். சர்ஜனைப் பொறுத்தவரை அன்றே சொல்லியாகிவிட்டது. தம்பியைப் பொறுத்தவரை அன்று அதுபோல ஏழெட்டுப் பேர் ஏழெட்டு விஷயம் சொல்லியிருக்கிறார்கள், ஏ.சி. ஒழுகுவதும் அதில் ஒன்று. அடுத்த மாதம் ஆபரேஷன் நடுவில் காட்டரி நிற்கும்போது சண்டை வெடிக்கும், "நான் அன்னைக்கே சொன்னேனே!" என்று.

நர்ஸ்கள் டாக்டருக்கு போன் செய்து நோயாளியின் நிலையைச் சொல்ல எஸ்.பி.ஏ.ஆர். என்ற ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, அங்கிருந்து கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகளுக்குப் போய், இப்போது என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கிய நம்மூர் மருத்துவமனைகளிலும் டியூட்டி மாறும்போது பயன்படுகிறது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, வேண்டியது என்று நான்கே வரி. இதை நோயாளிக்கு மட்டும் வைத்துக்கொள்வானேன்? மெஷினுக்கும் ஆளுக்கும் பணத்துக்கும் இதே நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன காட்டரியை இப்படி எழுதலாம்:

"நிலைமை: 2ஆம் ஓ.டி. காட்டரி இந்த மாதம் மூன்று முறை நடுவில் நின்றது. ஒருமுறை 1ஆம் ஓ.டி.யிலிருந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும்வரை நோயாளி மேஜையில் காத்திருந்தார்.
பின்னணி: ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்துவிட்டது. மெஷினின் சர்க்யூட் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார் பயோமெடிக்கல் இன்ஜினியர்.
என் கணிப்பு: இதை நம்பிப் பெரிய கேஸ் செய்ய முடியாது.
வேண்டியது: போர்டு மாற்றுவதா, புதிது வாங்குவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு. அதுவரை 2ஆம் ஓ.டி.யில் சின்ன கேஸ் மட்டும் போடுகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். அதுதான் மேனேஜரை நாற்காலியிலிருந்து எழுப்பும். மெஷின் கெட்டுப்போனது அவருக்கு ஒரு செலவு, ஓ.டி. லிஸ்ட் சுருங்குவது அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு நஷ்டம். மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை, நடக்கப்போவதைச் சொன்னால் போதும்.

இப்போது மேனேஜர்களுக்கு. கேட்ட நாளுக்குள் மூன்றில் ஒரு பதில் போயாக வேண்டும்: சரி, இந்தத் தேதிக்குள்; முடியாது, இந்தக் காரணத்தால்; அல்லது இன்னும் இந்த விவரம் வேண்டும், அதை இன்னார் கொண்டுவருவார். முடியாது என்பதை எழுத நமக்குக் கை கூசும், அதுவும் தலைமுடி நரைத்த டாக்டருக்கு. எழுதிப் பழக வேண்டும். "சார், இந்தக் காலாண்டில் புது மெஷின் முடியாது. டயாலிசிஸ் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் மாற்றப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. போர்டுக்கு இன்று ஆர்டர் போட்டுவிட்டேன், வியாழன் வந்துவிடும். அடுத்த பட்ஜெட்டில் காட்டரியை முதல் வரியில் வைக்கிறேன், நீங்களே வந்து பாருங்கள்." டாக்டர் முணுமுணுப்பார். ஆனால் டயாலிசிஸ் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பணம் எங்கே போனது என்று தெரியாதபோதுதான் அது யாரோ ஒருவரின் புதுக் காருக்குப் போனதாகத் தோன்றும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, எம்.டி. நம் மாவட்டத் தலைநகர மருத்துவமனைகள் பலவும் குடும்ப மருத்துவமனைகள்தான். எம்.டி. ஒரு சர்ஜன், அவர் மனைவி மகப்பேறு மருத்துவர், பர்ச்சேஸைப் பார்ப்பது மச்சான். மேனேஜர் முடியாது என்று எழுதிய விஷயத்தை டாக்டர் நேராக எம்.டி.யிடம் கொண்டுபோய் டீ குடிக்கும் நேரத்தில் சரி வாங்கிவிடுவார். இன்வாய்ஸ் வரும்போதுதான் மேனேஜருக்கே தெரியும். அன்றிலிருந்து மேனேஜரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எம்.டி.க்கு ஒரே ஒரு வேலைதான்: "எழுதி மேனேஜர்கிட்ட குடுங்க, அவரும் நானும் உக்காந்து பாக்கறோம்" என்று சொல்லி அதில் நிற்பது. அவர் நிற்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

இந்தக் குறுக்கு வழி சில சமயம் சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். கம்பெனிக்காரர் டாக்டரிடம் நேரடியாக வந்து, "ஸ்கேன் மெஷின் ஒரு வாரம் டெமோவுக்கு வெச்சுட்டுப் போறேன் சார்" என்பார். டாக்டருக்கு அது ஒரு மெஷின். ஆனால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுச் சான்றில் ஏறாத அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பயன்படுத்தினால் சீல் வைக்கும் அளவுக்குப் போகும், பதில் சொல்ல வேண்டியவர்களில் நிர்வாகமும் உண்டு. இதை டாக்டரிடம் தடையாகச் சொல்லாமல், "மெஷின் உள்ளே வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க சார், பேப்பர் வேலையை நான் முடிச்சுடறேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. எக்ஸ்ரே, சி-ஆர்ம் (ஓ.டி.யில் பயன்படும் எக்ஸ்ரே மெஷின்) என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், அதற்கும் இதே பேச்சுதான்.

டிஸ்சார்ஜ் என்ற தினசரிச் சண்டை

காலை 9 மணி ரவுண்ட்ஸில் டாக்டர் சிரித்த முகத்தோடு, "இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்மா" என்கிறார். அந்த அம்மா உடனே புடவை மாற்றி, ஃபிளாஸ்கைக் கழுவிக் கட்டைப்பையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். மகன் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் காரோடு வருகிறார். 5 மணிக்கும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், பில்லிங் கவுன்ட்டரில் மகன் கத்துகிறார், பில்லிங் பையன் "டி.பி.ஏ. அப்ரூவல் வரல சார்" என்கிறான் (டி.பி.ஏ. என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைக் கையாளும் இடை நிறுவனம்), எமர்ஜென்சியில் இன்னொருவர் அதே படுக்கைக்குக் காத்திருக்கிறார்.

இடையில் நடந்தது என்ன? டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதத் தொடங்கியது 11 மணிக்கு. கன்சல்டன்ட் அதைப் பார்க்க வேண்டும், அவர் 1 மணிவரை ஓ.டி.யில். வார்டில் மிச்சமிருந்த மருந்து ஃபார்மசிக்குத் திரும்பிப் போய்க் கணக்கில் கழிய வேண்டும். லேபில் ஒரு ரிப்போர்ட் பாக்கி. எல்லாம் சேர்ந்து இன்சூரன்சுக்கு அப்லோடு ஆகும்போது மணி 2.30.

2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு (நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் தருவது) 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்கிறது. அதைத் தாண்டித் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாகக் கட்டணம் போட்டால் அதையும் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். நல்ல விதிதான், எல்லோரும் அதைக் காட்டி இன்சூரன்ஸ்காரரைத் திட்டுகிறோம். ஆனால் அந்த 3 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய நிமிடத்திலிருந்து. 9 மணியிலிருந்து 2.30 வரை போனது முழுக்க நம் வீட்டுக்குள் போன நேரம்.

செய்ய வேண்டியது, முந்தைய நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே "நாளைக்கு யார் யார் போகலாம்" என்ற பட்டியலை இன்சார்ஜ் சிஸ்டரிடம் டாக்டர் சொல்லிவிடுவது. நைட் டியூட்டி டாக்டர் சம்மரியை முக்கால்வாசி எழுதி வைப்பார், மருந்து ரிட்டர்ன் இரவே முடியும், காலை ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் நின்ற இடத்திலேயே பார்த்துக் கையெழுத்துப் போட்டால் 10 மணிக்கு அப்லோடு. எல்லாக் கேஸும் இப்படி அமையாது. காலையில் காய்ச்சல் வந்தால் அவர் பட்டியலிலிருந்து போவார், அவ்வளவுதான். அப்புறம், நோயாளியிடம் "போலாம்" என்று மொட்டையாகச் சொல்லாமல் "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்" என்று நேரத்தோடு சொல்ல டாக்டர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லிங் கவுன்ட்டரில் பாதிச் சத்தம் அந்த ஒரு வாக்கியத்தில் குறைந்துவிடும்.

டி.பி.ஏ. கேள்விகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேள்வி வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, கீழே "சார் ப்ளீஸ்" என்று போடுவது வழக்கம். டாக்டருக்கு அந்த ஆங்கிலத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும், தன் சிகிச்சையை எவனோ சந்தேகப்படுகிறான் என்று. டி.பி.ஏ. டெஸ்கில் இருப்பவர் முதலில் கேஸ் ஷீட்டைத் திறந்து பதில் அதிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி இருக்கும். இல்லாவிட்டால், "312ஆம் ரூம், சர்க்கரை எப்போதிலிருந்து என்று கேட்கிறார்கள், கேஸ் ஷீட்டில் வருடம் இல்லை, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் சார்" என்று கேட்கலாம். இரண்டு நிமிட வேலை.

இங்கே ஒரு கோடு இருக்கிறது, நிர்வாகம் அதைத் தாண்டக்கூடாது. டாக்டர் "பத்து வருடமாகச் சர்க்கரை" என்று எழுதியிருப்பார், பாலிசி எடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருக்கும், கிளெய்ம் அடிபடும். விபத்துக் கேஸில் "மது வாசனை இருந்தது" என்று எழுதியிருப்பார். அதை மாற்றி எழுதச் சொல்லி டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். நோயாளி மேல் பரிதாபமாக இருக்கும், உண்மைதான். ஆனால் கேஸ் ஷீட் நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போகும் காகிதம், அதில் கையெழுத்து டாக்டருடையது. ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால், பிறகு நீங்கள் நியாயமாகக் கேட்கிற திருத்தத்தையும் அவர் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

பணப் பேச்சு

டாக்டர்கள் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச மாட்டார்கள், மனதுக்குள் வைத்துக் குமைவார்கள். கன்சல்டன்ட் பேஅவுட் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள்: மொத்தம் இவ்வளவு, டி.டி.எஸ். 10 சதவீதம் போக இவ்வளவு, முடிந்தது. எந்த நோயாளிக்கு எவ்வளவு, இன்சூரன்ஸ் எதை வெட்டியது, அந்த வெட்டு யார் பங்கில் விழுந்தது, முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்த கேஸுக்கு பேக்கேஜில் டாக்டர் பங்கு எந்தக் கணக்கில் வந்தது, போன மாத நிலுவை எங்கே? ஒன்றும் இருக்காது. அவர் தன் டைரியில் கேஸ் எழுதி வைத்திருப்பார். இரண்டும் ஒத்துப்போகாது. கேட்க வெட்கம், கேட்காமல் இருக்கக் கோபம்.

நோயாளி வாரியாக, வெட்டின் காரணத்தோடு, மாதா மாதம் ஒரே தேதியில் அனுப்புங்கள். பணம் தாமதமானால் ஸ்டேட்மென்ட்டாவது அந்தத் தேதியில் போகட்டும், "இன்ஷூரன்ஸ் பாக்கி வந்ததும் 20ஆம் தேதி போடுகிறோம்" என்ற வரியோடு. மற்ற எல்லா யோசனைகளையும் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் அடுத்த மாதத்திலிருந்து டாக்டர்கள் உங்களோடு பேசும் தொனி மாறும்.

இன்னொன்று, மாதாந்திரக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டு "கன்வர்ஷன்" காட்டுவது, அதாவது ஓ.பி.யில் பார்த்தவர்களில் எத்தனை பேரை யார் அட்மிட் செய்தார் என்ற பட்டியல். இதை எல்லோர் முன்னிலையிலும் காட்டாதீர்கள். என்னைக் கேட்டால் தனியாகவும் காட்டாதீர்கள். அட்மிஷன் தேவையா என்று முடிவுசெய்வது டாக்டர்; அந்த எண்ணைத் திரையில் போட்ட நிமிடமே, தேவையில்லாமல் அட்மிட் செய்யச் சொல்கிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார், அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை. கூட்டத்தில் போட வேண்டிய எண்கள் வேறு: முதல் கேஸ் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை ஆபரேஷன் எதனால் தள்ளிப்போனது, டிஸ்சார்ஜ் நேரம், எந்த மருந்து எத்தனை நாள் ஸ்டாக் இல்லை. இவற்றைச் சரிசெய்தால் வருமானம் தானாகக் கூடும், டாக்டரும் ஆர்வமாகப் பேசுவார்.

வாட்ஸ்அப் குரூப் பற்றி ஒரே வரி: தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவுக்கும் குற்றச்சாட்டுக்கும் வேண்டாம், நோயாளியின் பெயரும் போட்டோவும் கூடவே கூடாது.

ஜோடி போட்டு விடுங்கள்

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு டாக்டரும் ஒரு நிர்வாகியும் ஜோடியாகப் பொறுப்பேற்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. நமக்கு அவ்வளவு ஆள் கிடையாது, ஆனால் சின்ன அளவில் செய்யலாம். எலும்பு முறிவுத் துறைக்கு இந்த எக்ஸிக்யூட்டிவ், இதயத் துறைக்கு இவர் என்று ஒரு முகத்தைக் காட்டிவிடுங்கள். டாக்டர் பர்ச்சேஸ், பில்லிங், எச்.ஆர். என்று அலைய வேண்டாம், ஒரே ஆளிடம் சொன்னால் போதும். வாரம் ஒருநாள் அந்த எக்ஸிக்யூட்டிவ் ரவுண்ட்ஸில் பின்னாலேயே போகட்டும், வாயைத் திறக்காமல். ஒரு ட்ரெஸ்ஸிங் மாற்ற எத்தனை பொருள் வேண்டும், அதில் எது ஸ்டோர்ஸிலிருந்து வராமல் சிஸ்டர் பக்கத்து வார்டில் கடன் வாங்குகிறார் என்று கண்ணால் பார்ப்பார். டாக்டர்களும் ஒருநாள் மாலை அரைமணி நேரம் பில்லிங் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காரலாம். வர மாட்டேன் என்பார்கள், கேட்டுத்தான் பாருங்களேன், ஒருவர் வந்தாலும் லாபம்.

மரணம் நடந்த நாளில்

எதிர்பாராத மரணம் என்றால் சொந்தக்காரர்கள் கூடுவார்கள், ஊர்க்காரர்கள் வருவார்கள், சத்தம் எழும். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்த நிமிடத்தில் சட்டம் வாசலில் வந்து நிற்காது. உள்ளே போகும் முன் டாக்டரும் மேனேஜரும் ஒரு அறையில் இரண்டு நிமிடம் நின்று ஒத்துக்கொள்ள வேண்டியவை: என்ன நடந்தது என்பதை டாக்டர் மட்டும் சொல்வார், மேனேஜர் பக்கத்தில் நிற்பார், குறுக்கே பேச மாட்டார், பில் பேச்சு இப்போது இல்லை, போஸ்ட்மார்ட்டம் தேவையா, போலீசுக்குத் தகவல் போயிற்றா என்பதற்கு ஒரே பதில்.

இதில் நிர்வாகம் அடிக்கடி செய்யும் ஒரு காரியம், கூட்டத்தைச் சமாதானப்படுத்த டாக்டரிடம் கேட்காமல் பில்லைத் தள்ளுபடி செய்துவிடுவது. நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். மறுநாள் ஊருக்குள் "தப்பு அவங்க மேல, அதனாலதான் காசு வாங்கல" என்று பேச்சு ஓடும், அந்தப் பேச்சின் முழு எடையும் டாக்டர் தலையில் இறங்கும். தள்ளுபடி செய்யலாம், சில சமயம் செய்யத்தான் வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில், காரணம் எழுதிச் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, சூடு ஆறியதும், கேஸைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்; அந்தக் கூட்டத்தில் நிர்வாகம் தன் பக்கத்துத் தாமதங்களை முதலில் சொல்லித் தொடங்கினால் டாக்டர்கள் தற்காப்பு இல்லாமல் பேசுவார்கள்.

இரவு 9 மணிக்கு மேல்

பகலில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இரவில் மருத்துவமனை ஒரு இளம் டியூட்டி டாக்டர் கையிலும், ஃப்ரன்ட் ஆபீஸில் ஒரு பையன் கையிலும் இருக்கிறது. பைபாஸில் அடிபட்டவரைக் கூட்டி வருகிறார்கள், யாரென்று தெரியாது, கூட வந்தவர் லாரி டிரைவர். பையன் டெபாசிட் கேட்கிறான், ஏனென்றால் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டியூட்டி டாக்டர் அவனைத் திட்டுகிறார். விபத்தில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. தங்கள் மருத்துவமனை அதில் இருக்கிறதா என்பது அந்த இருவருக்கும் தெரியாமல் இருப்பது எத்தனை இடங்களில்!

கேஷுவாலிட்டி மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். நாம் எந்தெந்தத் திட்டத்தில் இருக்கிறோம், விபத்துக் கேஸில் டெபாசிட் கேட்கக்கூடாது, ரத்தம் வேண்டும் என்றால் யாரை எழுப்புவது, டியூட்டி டாக்டர் தன் பொறுப்பில் எவ்வளவு ரூபாய்வரை முன்பணம் இல்லாமல் அனுமதிக்கலாம், அதற்கு மேல் என்றால் இரவில் போன் எடுக்கும் மேனேஜர் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார். தொகையை எம்.டி. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போனில் பெயர் வந்த மேனேஜர் அன்றிரவு போனை சைலன்ட்டில் போடக்கூடாது, மறுநாள் "ஏன் அட்மிட் பண்ணீங்க?" என்று அந்த இளம் டாக்டரைக் கேட்கவும் கூடாது.